‘ஒன்றும் வரவில்லை’ என்றால் ஒன்றும் இல்லை என்று பொருளா? காப்புரிமைத் தளங்களில் பூலியன் தேடல்

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறேன். உளுந்து மாவு பதம் வந்ததும் தானாகவே நின்றுவிடும் வெட் கிரைண்டர் ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறேன். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து மாவின் பதத்தை அது தெரிந்துகொள்கிறது. விண்ணப்பிக்கும் முன் காப்புரிமைத் தளங்களில் தேடிப் பார்க்கச் சொன்னார்கள். ‘ஆட்டோமேட்டிக் இட்லி பேட்டர் வெட் கிரைண்டர்’ என்று போட்டுத் தேடினேன். என்னுடையதைப் போல ஒன்றும் வரவில்லை. அப்படியானால் இது புதியதுதானே? அண்ட், ஆர், நாட் போட்டுத் தேட வேண்டும் என்கிறார்களே, அது எப்படி?

பதில்:

புதியதாக இருக்கலாம். ஆனால் நீங்கள் செய்த தேடலை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஐந்து சொற்களை வரிசையாகக் கொடுத்தீர்கள். பெரும்பாலான தளங்கள் அதை ‘இந்த ஐந்தும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். உங்கள் இயந்திரத்தையே அச்சு அசலாக ஒருவர் முன்பே செய்து, தன் விண்ணப்பத்தில் ‘இட்லி’ என்ற சொல்லை எழுதாமல் விட்டிருந்தால் போதும், அது உங்கள் கண்ணில் படாது. எழுதியிருக்க மாட்டார் என்றே நான் பந்தயம் கட்டுவேன். காப்புரிமை எழுதுபவர்கள் பொருளின் கடைத்தெருப் பெயரை வேண்டுமென்றே தவிர்ப்பார்கள். ‘வெட் கிரைண்டர்’ என்று எழுதினால் உரிமை அதோடு நின்றுவிடும். ‘உணவுப் பொருளை அரைக்கும் கருவி, ஒரு கொள்கலனும் குறைந்தது ஓர் உருளையும் கொண்டது’ என்று எழுதினால் வலை அகலமாக விழும். டிரம் அங்கே ‘வெஸல்’ ஆகிவிடும், கல் ‘ரோலர்’ ஆகிவிடும், மாவு ‘ஃபுட் மெட்டீரியல்’ ஆகிவிடும். முன்பின் தெரியாத ஒருவர் எந்தச் சொல்லை எழுதியிருப்பார் என்று ஊகிப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. அண்ட், ஆர், நாட் மூன்றையும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

தளங்களில் இவற்றை ஆங்கிலத்தில், பெரிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். இங்கே படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தர்க்கத்தை இயற்கணிதமாக எழுதிக் காட்டினார். அண்ட், ஆர், நாட் போட்டுத் தேடுவதைப் பூலியன் தேடல் என்பார்கள்; அந்தப் பெயர் அவரிடமிருந்து வந்தது. அவருடைய ‘அண்ட்’ நம்முடைய ‘உம்’ அல்ல. ‘நெல்லைக்காரர்களும் மதுரைக்காரர்களும் உள்ளே வரலாம்’ என்று வாசலில் சொன்னால் இரண்டு ஊர்க் கூட்டமும் வரும். தரவுத்தளத்தில் ‘நெல்லை அண்ட் மதுரை’ என்று போட்டால் இரண்டு ஊருக்கும் ஒருசேர உரியவர் மட்டும்தான் உள்ளே வருவார். நாம் பேச்சில் ‘உம்’ போட்டுச் சொல்லும் பல இடங்களில் அங்கே ‘ஆர்’ போட வேண்டும். நம்முடைய ‘அல்லது’வும் அப்படித்தான். ‘இட்லி அல்லது தோசை’ என்றால் இரண்டில் ஒன்று என்று நாம் எடுத்துக்கொள்வோம். தளத்தின் ‘ஆர்’ இது இருந்தாலும் சரி, அது இருந்தாலும் சரி, இரண்டும் இருந்தாலும் சரி என்று அள்ளிக் கொடுக்கும். அண்ட் போடப் போட முடிவுகள் குறையும், ஆர் போடப் போடப் பெருகும். அண்ட் போட்டுவிட்டு ‘ஏன் இவ்வளவு குறைவாக வந்தது’ என்று கேட்பவர்களை வாரத்துக்கு ஒருவராவது சந்திக்கிறேன்.

இப்போது உங்கள் கிரைண்டருக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழாக மூன்று பத்தி போடுங்கள். உங்கள் கருத்து மூன்று துண்டுகளாக நிற்கிறது: அரைக்கும் இயந்திரம், மோட்டாரின் சுமையை அளப்பது, அளவு எட்டியதும் நிறுத்துவது. ‘இட்லி’, ‘ஆட்டோமேட்டிக்’ இரண்டையும் வெளியே விடுங்கள். இட்லிக்கோ வடைக்கோ என்பது உங்கள் கண்டுபிடிப்பின் சாரம் அல்ல. ‘ஆட்டோமேட்டிக்’ என்பது ஏறக்குறைய எல்லா ஆவணத்திலும் இருக்கும், அதனால் அது எதையும் பிரித்துக் காட்டாது.

முதல் பத்தியில் அரைப்பதற்கான எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள்: கிரைண்டர், கிரைண்டிங், மில், பல்வரைசர், கிரஷர், காமினியூட்டிங். அதோடு மெலஞ்சர் என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் இதைத் தவறவிடுவார்கள். கொக்கோ விதையைக் கல்லுருளையில் மணிக்கணக்காக அரைத்துச் சாக்லேட் செய்யும் இயந்திரத்துக்கு அதுதான் பெயர். சிறிய அளவில் சாக்லேட் செய்யும் வெளிநாட்டுக்காரர்கள் நம் மேசைக் கிரைண்டரையே வாங்கி அந்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பாட்டி வைத்த பெயர் வேறு, அவர்கள் வைத்த பெயர் வேறு, கல் ஒன்றுதான். இரண்டாம் பத்தியில் கரண்ட், டார்க் (முறுக்கு விசை), லோடு, பவர் கன்ஸம்ப்ஷன். மூன்றாவதில் ஸ்டாப், ஸ்விட்ச் ஆஃப், டெர்மினேட், அதோடு பதத்தைக் குறிக்கும் விஸ்காஸிட்டி, கன்ஸிஸ்டன்ஸி, ஃபைன்னெஸ்.

ஒரே பத்திக்குள் இருப்பவற்றை ஆர் கொண்டு இணையுங்கள். பத்திக்கும் பத்திக்கும் நடுவே அண்ட் போடுங்கள். இந்த அமைப்பு மனத்தில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் நகாசு வேலைதான்:

(கிரைண்டர் ஆர் மில் ஆர் மெலஞ்சர்) அண்ட் (டார்க் ஆர் கரண்ட்) அண்ட் (ஸ்டாப் ஆர் விஸ்காஸிட்டி)

அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். ‘கிரைண்டர் ஆர் மில் அண்ட் டார்க்’ என்று குறியில்லாமல் எழுதினால், சில அமைப்புகள் அண்டை முதலில் கட்டிவிட்டுப் பிறகு ஆருக்கு வரும். அதாவது ‘மில்லும் டார்க்கும் சேர்ந்தவை, இல்லாவிட்டால் உலகத்துக் கிரைண்டர்கள் எல்லாம்’ என்று பொருள் கொள்ளும். கூகுளின் காப்புரிமைத் தேடல் தளமான கூகுள் பேட்டண்ட்ஸ் அதே வரியை இடமிருந்து வலமாகப் படித்து, ‘கிரைண்டர் அல்லது மில், அதோடு டார்க்’ என்று எடுத்துக்கொள்ளும். ஒரே வரிக்கு இரண்டு தளத்தில் இரண்டு பொருள். குறி போட்டால் இந்தத் தலைவலி இல்லை. ஒன்றும் போடாமல் சொற்களை இடைவெளி விட்டு எழுதினாலும் இதே கதைதான். பல தளங்கள் அதை அண்ட் என்று கொள்ளும், ஆனால் எல்லாத் தளமும் அல்ல.

ஒரு சொல்லின் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு வெட்டுக்குறி இருக்கிறது. ‘கிரைண்ட்*’ என்று நட்சத்திரம் போட்டால் கிரைண்டர், கிரைண்டிங், கிரைண்ட்ஸ் எல்லாம் வந்துவிடும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத் தளமான எஸ்பாஸ்நெட்டில் நட்சத்திரம் எத்தனை எழுத்துக்கும் நிற்கும், கேள்விக்குறி ஓரெழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்னும், # குறி கட்டாயம் ஓரெழுத்து வேண்டும் என்னும். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத் தளத்தில் டாலர் குறியும் இந்த வேலையைச் செய்யும்.

இந்த நட்சத்திரத்தை யோசிக்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கிரைண்டரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மாவுக்கு ஆங்கிலத்தில் ‘பேட்டர்’. அதன் வால் பக்கம் நட்சத்திரம் போட்டுப் பாருங்கள். உலகத்துப் பேட்டரிகள் எல்லாம் வந்து இறங்கும். மின்கலம் இல்லாத தொழில்நுட்பம் இன்று ஏது? நட்சத்திரம் போடாவிட்டாலும் பேஸ்பால் மட்டையாளர் வந்து நிற்பார், அவரும் ‘பேட்டர்’தான். ‘மில்*’ போட்டால் மில்லிமீட்டரும் மில்லியனும் மில்லிஆம்பியரும் வரும். உளுந்தைக் குறிக்க ‘பல்ஸ்’ என்று போட்டால் மின்துடிப்புகளும் நாடித்துடிப்பும் வரும். ‘கரண்ட்’ என்பது மின்னோட்டம் மட்டுமல்ல, ‘தற்போதைய’ என்றும் பொருள் தரும். போதாக்குறைக்கு, ‘கிரைண்ட்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘கிரவுண்ட்’ நட்சத்திரத்துக்குள் சிக்கவே சிக்காது. தனியாகப் போட்டால் தரையும் எர்த் கம்பியும் சேர்ந்து வரும். அதை மட்டும் ‘ஃபைன்லி கிரவுண்ட்’ என்று மேற்கோள் குறிக்குள் சொற்றொடராகக் கொடுங்கள்.

இந்தக் குப்பையைக் குறைக்க அருகாமைக் குறிகள் உண்டு. கண்டிப்பாகச் சொன்னால் இவை பூலியன் அல்ல, அண்டின் கண்டிப்பான தம்பிகள். முழு உரையில் அண்ட் போட்டுத் தேடும்போது, நாற்பது பக்க ஆவணத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘மோட்டார்’, முப்பதாம் பக்கத்தில் ‘கரண்ட்’ இருந்தாலும் அது முடிவில் வந்துவிடும். ‘மோட்டார் நியர்/3 கரண்ட்’ என்று கூகுள் பேட்டண்ட்ஸில் போட்டால், இரண்டும் மூன்று சொல் தொலைவுக்குள் இருந்தால்தான் வரும். முன்பின் வரிசையும் முக்கியம் என்றால் நியருக்குப் பதில் ஏடிஜே. ‘வித்’, ‘சேம்’ என்று இன்னும் இரண்டு உண்டு. அமெரிக்க அலுவலகத் தளத்தில் வித் என்றால் ஒரே வாக்கியத்துக்குள், சேம் என்றால் ஒரே பாராவுக்குள். கூகுளில் அதே வித் 20 சொற்களுக்குள், சேம் 200 சொற்களுக்குள். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஒரு தளத்தில் எழுதியதை இன்னொன்றில் அப்படியே ஒட்டாதீர்கள்.

இனி நாட். இதைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இதனால் நானே மண்ணைக் கவ்வியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேங்காய் துருவும் கருவிக்காகத் தேடினேன். முடிவுகளில் பாதிக்கு மேல் கயிறு திரிக்கும், நார் பிரிக்கும் இயந்திரங்களாக வந்தன. எரிச்சலில் ‘நாட் ஃபைபர்’ என்று ஒரு வரி சேர்த்தேன். பட்டியல் மளமளவென்று குறைந்தது. மனத்துக்கு நிறைவாக இருந்தது. கருவி புதிது என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். விண்ணப்பம் போனது, காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கை வந்தது. அதில் ஆய்வாளர் ஒரு பழைய ஆவணத்தை எடுத்துக் காட்டியிருந்தார். அந்தத் துருவியும் எங்கள் துருவியும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. அது ஏன் என் வலையில் விழவில்லை என்று திறந்து பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில், ‘துருவலில் நார் கலக்காமல் இருக்கும்’ என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். அந்த ஒரு ‘ஃபைபர்’ போதுமானதாக இருந்தது. நாட் என்பது ‘நாரைப் பற்றியவை வேண்டாம்’ என்ற உங்கள் மனத்தை அறியாது. அந்தச் சொல் எங்கே கண்ணில் பட்டாலும் ஆவணத்தையே தூக்கி எறியும்.

உங்களுக்கும் ‘நாட் காபி’ போடும் ஆசை வரும், காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரங்கள் அவ்வளவு வரும். போடாதீர்கள். வெட் கிரைண்டர் பற்றி எழுதுபவர் முன்னுரையிலேயே ‘காபி அரைக்கும் இயந்திரங்களைப் போலன்றி’ என்று தொடங்கக்கூடும். அதைவிடவும், காபி இயந்திரம் ஒன்று மோட்டார் மின்னோட்டத்தைப் பார்த்து நிற்குமானால் அது உங்களுக்கு எதிரான ஆவணம்தான், ஒதுக்கிவிடக் கூடாது. கட்டாயம் எதையாவது கழிக்க வேண்டும் என்றால் தலைப்பில் மட்டும் கழியுங்கள். ‘தலைப்பில் இந்தச் சொல் இருந்தால் வேண்டாம்’ என்று சொல்லப் பெரும்பாலான தளங்களில் வழி உண்டு. கூகுள் பேட்டண்ட்ஸில் சொல்லின் முன் கழித்தல் குறி போட்டாலே அது நாட்தான். அதனால் கோடுகளைத் தட்டும்போது கவனம்.

சொற்களைவிட நம்பகமான ஒன்று இருக்கிறது: வகைப்பாட்டுக் குறியீடு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காப்புரிமை அலுவலகமே பொருளைப் பார்த்து ஒரு முகவரி எழுதி ஒட்டுகிறது. பன்னாட்டு வகைப்பாடு ஒன்று. ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் சேர்ந்து 2013-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சிபிசி என்ற விரிவான வகைப்பாடு இன்னொன்று. எழுதியவர் ‘வெஸல்’ என்றாலும் ‘பவுல்’ என்றாலும், ஆவணம் சீன மொழியில் இருந்தாலும் முகவரி மாறாது. உங்களுக்கு வேண்டியவை இவை: வீட்டில் அரைக்க, கலக்க, பிசையப் பயன்படும் இயந்திரங்கள் ஏ47ஜே 43; உருளையோ குண்டோ வளையத்தில் உருண்டு அரைப்பவை பி02சி 15; அரைக்கும் இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டு அமைப்புகள் பி02சி 25. இந்த மூன்றாவது உங்களுக்கென்றே தைத்த சட்டை. குறியீடுகளை ஆர் கொண்டு இணைத்து, அந்தக் கூட்டத்தை இரண்டாம் பத்தியோடு அண்ட் போடுங்கள். கழிப்பதற்கும் குறியீடுதான் நல்லது: உலோகத்தைச் சாணை பிடிப்பதும் மெருகேற்றுவதும் பி24பி-இல் இருக்கின்றன. ‘வெட் கிரைண்டிங்’ என்று தேடினால் தண்ணீர் ஊற்றிச் சாணை பிடிக்கும் பட்டறைகள் வந்து குவியும். ‘நாட் பி24பி’ என்று ஒரு போடு போட்டால் ஏறக்குறைய ஓயும்.

குறியீடுகளைப் பார்க்கும்போது பக்கத்து வீட்டையும் எட்டிப் பாருங்கள். ரொட்டி மாவு பிசையும் இயந்திரங்கள் ஏ21சி-இல் இருக்கின்றன. பிசையும்போது மாவு காட்டும் எதிர்ப்பை முறுக்கு விசையாக அளந்து பதம் சொல்வது கோதுமை ஆலைகளின் ஆய்வகத்தில் பழைய வழக்கம். ஃபாரினோகிராஃப் என்ற கருவியின் வேலையே அதுதான். சீனாவின் சோயாப் பால் இயந்திரங்களையும் விடக் கூடாது. ஊறிய பயறை நீரோடு அரைப்பது அவர்களுக்கும் அன்றாட வேலைதான். அவர்களுடைய ஆவணங்களின் ஆங்கிலச் சுருக்கத்தில் ‘சோயாபீன் மில்க் மெஷின்’, ‘பல்ப்பிங்’ என்று இருக்கும். முதல் பத்தியில் இவற்றையும் சேருங்கள். என் கணிப்பில், உங்களுக்குப் போட்டி கோவையிலிருந்து வருவதைவிட இந்தப் பக்கங்களிலிருந்து வரத்தான் வாய்ப்பு அதிகம்.

சொல் மாறினால் அகப்படாது என்பது சிறிய விஷயம் இல்லை. மஞ்சளைக் காயத்துக்குப் போடுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் வீட்டில் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த வைத்தியம். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் அதை மறு ஆய்வு செய்யக் கோரி, சமஸ்கிருதம், உருது, இந்தி மொழிகளில் இருந்த பழைய சான்றுகளை எடுத்து வைத்த பிறகு 1997-இல் அது நீக்கப்பட்டது. ‘டர்மரிக்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் தேடினால் அந்தச் சான்றுகள் எப்படிக் கிடைக்கும்? நீங்களும் உளுந்துக்கு உரத், பிளாக் கிராம், லென்டில் என்றும், தோசைக்கு அதன் மூன்று நான்கு ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் ஆர் போட்டு ஒரு தனித் தேடல் செய்துவிடுங்கள். இந்திய விண்ணப்பங்களில் இவை கட்டாயம் உதவும்.

எங்கே தேடுவது? ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டில் தொடங்குங்கள். குறியீடுகளோடு விளையாட அதைவிட வசதியான இலவசத் தளம் இல்லை. அங்கே எல்லா நாட்டு ஆவணங்களுக்கும் முழு உரை இருக்காது, பலவற்றுக்குத் தலைப்பும் சுருக்கமும்தான். அதனால் அங்கே அண்டைத் தாராளமாக வீசாதீர்கள். இரண்டு பத்தி போதும். முழு உரைக்கும் அருகாமைக் குறிகளுக்கும் கூகுள் பேட்டண்ட்ஸ். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டண்ட்ஸ்கோப்பில், ஒரு சொல்லைக் கொடுத்தால் அதையே பல மொழிகளுக்கு விரித்துத் தேடும் வசதி உண்டு; சீன, ஜப்பானிய ஆவணங்களுக்கு அது கை கொடுக்கும். இந்திய விண்ணப்பங்களுக்கு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ். அங்கே நீங்கள் எதையும் கோத்து எழுத வேண்டாம். தலைப்பு, சுருக்கம், முழு விவரக்குறிப்பு என்று கட்டங்கள் இருக்கும், நடுவே அண்டா ஆரா நாட்டா என்று தேர்ந்தெடுக்கலாம். வசதி என்று தோன்றும், ஆனால் கட்டங்களை அண்டில் விட்டுவிட்டு எல்லாவற்றையும் நிரப்பினால் மறுபடியும் ‘ஒன்றும் வரவில்லை’ கதைதான். ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பி, சொல்லை மாற்றி மாற்றிப் பத்து முறை தேடுங்கள்.

ஒவ்வொரு தேடலையும் தளத்தின் பெயர், தேதியோடு அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதாமல் தேடுபவர் மூன்றாம் நாள் அதே தேடலைத் திரும்பச் செய்துகொண்டிருப்பார். நெருக்கமான ஓர் ஆவணம் கிடைத்ததும் சொற்களை மறந்துவிட்டு, அதன் குறியீடு என்ன, அது யாரை மேற்கோள் காட்டுகிறது, அதை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று நூல் பிடித்துப் போங்கள். அதில் பயன்பட்டிருக்கும் புதிய சொற்களை உங்கள் பத்திகளில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். என் வழக்கம்: இரண்டு முறை அடுத்தடுத்து ஓட்டியும் புதிய ஆவணம் எதுவும் தலைகாட்டாவிட்டால் அங்கே நிறுத்துவேன்.

இவ்வளவும் செய்தாலும் ஓர் இருட்டு மூலை மிச்சம் இருக்கும். இந்தியாவிலும் பெரும்பாலான நாடுகளிலும் விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் வெளியிடப்படாமல் இருக்கும். சில மாதம் முன் ஒருவர் போட்ட விண்ணப்பத்தைப் பெரும்பாலும் எந்தக் குறியாலும் தோண்டி எடுக்க முடியாது. அதனால் தேடலை மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். நெருக்கமாக எதுவும் வரவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விவரத்தோடு, விண்ணப்பத்தைப் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். விண்ணப்ப எண் கைக்கு வரும் வரை அந்தக் கிரைண்டரைக் கொடிசியா கண்காட்சிக்கும் கொண்டுபோகாதீர்கள், ஓடுவதைப் படம் பிடித்து யூடியூபிலும் போடாதீர்கள். ஆய்வாளர் தேடும்போது உங்கள் வீடியோவே உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.